மேட்டுப்பாளையம் மெமு: புதுசா ஏறப்போறவங்களுக்கு ஒரு பழைய சீசன் டிக்கெட்காரன் சொல்றது

போன மாசம் எங்க தெருவுக்கு ஒரு குடும்பம் குடி வந்துச்சுங்க, கோவில்பட்டிப் பக்கத்துக்காரங்க, பையனுக்கு காந்திபுரத்துல ஒரு ஆபீஸ்ல வேலை. காலைல ஏழு மணிக்கே பஸ் ஸ்டாப்புல நிக்கிறான், ராத்திரி எட்டு எட்டரைக்கு மூஞ்சியெல்லாம் பொகை அடிச்சு கருத்துப்போயி வர்றான். ஏன் தம்பி ரயில்ல போறதில்லையான்னு கேட்டேன். "ரயிலா? அது ஊட்டிக்குப் போறதுதானே அண்ணே"ங்கிறான். அவன் வீட்டு மொட்டைமாடில ஏறி நின்னா தண்டவாளம் தெரியும், டெய்லி ஹாரன் சத்தம் கேக்கும், ஆனா அதுல நாமளும் ஏறிப் போலாம்னு யாரும் அவனுக்குச் சொல்லல. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் நீட்டி எழுதறேன். நான் காரமடைல இருந்து பல வருசமா இந்த வண்டில சீசன் டிக்கெட்ல போயிட்டு வர்றவன், அவ்வளவுதான் என் தகுதி.

முதல்ல லைனைப் புரிஞ்சுக்கோங்க

கோயமுத்தூர் ஜங்ஷன்ல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் சுமார் 36 கிலோமீட்டர். நடுவுல வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை. அவ்வளவுதான் ஸ்டேஷன். மேட்டுப்பாளையம் ரோட்டுக்குப் பக்கத்துலயே கூடவே வர்ற லைன், சில எடத்துல ரோட்ல நிக்கற பஸ்ஸை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே போவோம், அந்தச் சந்தோசத்தை எழுத்துல கொண்டுவர முடியாதுங்க. மெமு வண்டி முழு தூரத்தையும் முக்கால் மணி நேரத்துல, கொஞ்சம் இழுத்தா அம்பது நிமிசத்துல முடிச்சுரும். அதே தூரத்துக்கு ரோட்ல பீக் டைம்ல எவ்வளவு ஆகும்னு கவுண்டம்பாளையம், சாய்பாபா காலனி வழியா ஒரு தடவை போனவங்களுக்குத் தெரியும்.

மெமுன்னா என்னான்னு கேப்பாங்க. தனியா எஞ்சின் கிடையாது, பெட்டிலயே மோட்டார் இருக்கும், மேல இருக்கற கம்பில இருந்து கரண்ட் எடுத்து ஓடும், ரெண்டு முனைலயும் டிரைவர் கேபின் இருக்கும். இதனால நின்னு நின்னு போனாலும் வெடுக்குனு வேகம் எடுத்துக்கும். மேட்டுப்பாளையத்துல போயி எஞ்சினைக் கழட்டி அக்கட்ட கொண்டுவந்து மாட்டற வேலையும் இல்ல, டிரைவர் பையைத் தூக்கிக்கிட்டு பிளாட்பாரத்துல நடந்து அந்தக் கடைசிக்குப் போவாரு, ஏறுவாரு, வண்டி திரும்பக் கிளம்பத் தயார். அவரு நடந்து போறதைப் பாத்தே நாங்க டீயை வேகமா குடிச்சு முடிச்சுருவோம், அதுதான் எங்களுக்குப் பெல்லு.

இது ஒத்தை லைன். இதை மட்டும் மண்டைல ஏத்திக்கோங்க, மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. ஏன் வண்டி கம்மி, ஏன் ஒண்ணு லேட்டானா அடுத்ததும் லேட்டு, ஏன் கூட்டமா இருந்தாலும் புது வண்டி விடமாட்டேங்கறாங்க, எல்லாத்துக்கும் காரணம் இதுதான். எதுத்தாப்புல ஒரு வண்டி வந்துட்டு இருந்தா இந்த வண்டி நின்னுதான் ஆகோணும்.

ஒரு பழைய கதை, சித்தே பொறுத்துக்கோங்க. மெட்ராஸ்ல இருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் போட்டப்போ 1862ல அது கோயமுத்தூர் டவுனுக்குள்ள வரவே இல்ல, இருகூர்ல இருந்து நேரா போத்தனூர் போயிருச்சு. அதனாலதான் போத்தனூர் அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய ரயில்வே ஊரு. பொறவு 1873ல நீலகிரிக்குப் போற வெள்ளக்காரங்களுக்காக போத்தனூர்ல இருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கிளை போட்டாங்க, அந்த லைன் போற வழில கோயமுத்தூருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைச்சுது. அதாவது இன்னைக்கு கோயமுத்தூர் ஜங்ஷன்னு பெருமையா சொல்றமே, அதுவே இந்த மேட்டுப்பாளையம் லைன் புண்ணியத்துல வந்ததுதான். ஆனா இப்ப கோயமுத்தூர்ல கேட்டுப்பாருங்க, பாதிப் பேருக்கு இப்படி ஒரு லைன்ல டெய்லி பாசஞ்சர் ஓடுதுங்கறதே தெரியாது.

ரெண்டாவது வேலை: டைம் பாக்கறது

சென்னைல எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போய்ப் பழகுனவங்க இங்கதான் ஏமாறுவாங்க. அங்க ஒரு வண்டி போனா பத்து நிமிசத்துல அடுத்தது. இங்க ஒண்ணை விட்டா அடுத்தது ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு. பகல் முழுக்க விரல் விட்டு எண்ணற அளவுதான் வண்டி. அதனால "ஸ்டேஷன் போயிப் பாத்துக்கலாம்"ங்கற பழக்கத்தை விட்ருங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு ரெண்டே வண்டிதான் முக்கியம். காலைல எட்டேகால் எட்டரை வாக்குல மேட்டுப்பாளையத்துல கிளம்பி ஒன்பது சுமாருக்கு கோயமுத்தூர் போறது ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணியை ஒட்டி கோயமுத்தூர்ல கிளம்பறது ஒண்ணு. கரெக்ட் நிமிசத்தை நான் இங்க எழுதி வெச்சா நாளைக்கு டைம்டேபிள் மாத்துனாங்கன்னா என்னைத் திட்டுவீங்க, அதனால ஆப்ல பாத்துக்கோங்க. ரயில்வேயோட என்டிஇஎஸ் இருக்கு, வேர் இஸ் மை ட்ரெயின் இருக்கு, ஒண்ணுமே இல்லாட்டி 139க்கு போன் போட்டுக் கேக்கலாம். ஆப்ல தேடும்போது கோயமுத்தூர் ஜங்ஷனுக்கு சிபிஇ, வடகோவைக்கு சிபிஎஃப், மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி, இதுதான் ஸ்டேஷன் கோடு. வடகோவைன்னு அடிச்சா ஆப்புக்குப் புரியாது, அதுக்கு கோயமுத்தூர் நார்த்.

இந்த வண்டி ஷெட்யூலே மேட்டுப்பாளையம் பக்கம் வீடு, கோயமுத்தூர்ல வேலைங்கறவங்களுக்குத் தோதா இருக்கு. தலைகீழா இருந்தா, அதாவது வீடு டவுனுக்குள்ள, வேலை பெரியநாயக்கன்பாளையம் கம்பெனி ஏதாச்சும் ஒண்ணுலன்னா, காலை ஷிஃப்டுக்கு இந்த வண்டி ஆகாது, முன்னாடியே சொல்லிடறேன். ஜெனரல் ஷிஃப்டே ஒன்பது மணிக்குள்ள பஞ்ச் வைக்கச் சொல்ற கம்பெனிக்கு நீங்க பஸ்தான்.

ஞாயித்துக்கிழமை கணக்கு வேற. வாரநாள்ல ஓடற வண்டி எல்லாம் ஞாயிறு ஓடும்னு நெனச்சு ஒரம்பரை வீட்டு விசேசத்துக்கு குடும்பத்தோட கிளம்பி ஸ்டேஷன்ல போய் உக்காந்துராதீங்க. ஆப்ல தேதி போட்டுத் தேடுங்க, "டெய்லி"ன்னு இருக்கா, "ஞாயிறு தவிர"ன்னு இருக்கான்னு பாருங்க. சில வண்டி போத்தனூர் வரைக்கும் போகுது, சிலது ஜங்ஷனோட நின்னுரும், அதையும் அதுலயே பாத்துக்கலாம். போத்தனூர் போறவங்களுக்கு ஒரு வசதி என்னான்னா அங்கிருந்து கிணத்துக்கடவு, பொள்ளாச்சி பக்கம் போற வண்டி புடிக்கலாம்.

மூணாவது: டிக்கெட்

இதுலதான் புதுசா வர்றவங்க மாட்டறது, நானும் மாட்டியிருக்கேன்.

மெமு சாதா பாசஞ்சர் கட்டணம். கொரோனா சமயத்துல எக்ஸ்பிரஸ் கட்டணம்னு சொல்லி குறைஞ்சது 30 ரூபா ஆக்கி வெச்சிருந்தாங்க, 2024 பிப்ரவரில திரும்ப 10 ரூபாய்க்குக் கொண்டுவந்துட்டாங்க. மேட்டுப்பாளையத்துல ஏறி கோயமுத்தூர்ல இறங்கற முழுத் தூரத்துக்கே 10 ரூபாதான். ஒரு டீ கூட அந்தக் காசுக்கு வராதுங்க இப்ப. அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், அஞ்சுல இருந்து பன்னண்டுக்குள்ளன்னா அரை டிக்கெட்டு.

கவுண்டர்ல எடுக்கறதா இருந்தா ஜங்ஷன்ல பதினஞ்சு நிமிசம் முன்னாடியாச்சும் போகோணும், அங்க கேரளா வண்டி, ஈரோடு வண்டின்னு எல்லாருக்கும் ஒரே க்யூ. சின்ன ஸ்டேஷன்ல வண்டி வர்ற நேரத்தை ஒட்டித்தான் கவுண்டர்ல ஆள் இருப்பாங்க, சில்லறை கொண்டு போங்க, 500 ரூபா நோட்டை நீட்டுனீங்கன்னா உள்ள இருக்கறவரு உங்களைப் பாக்கற பார்வை வேற மாதிரி இருக்கும்.

போன்ல எடுக்கறதுதான் சுலபம். முன்ன ரிசர்வ் இல்லாத டிக்கெட்டுக்கு யூடிஎஸ் ஆப் இருந்துச்சு, 2025 ஜூலைல 'ரயில்ஒன்' (RailOne)னு ஒரு ஆப் விட்டாங்க, ரிசர்வேஷன், ரிசர்வ் இல்லாதது, பிளாட்பார்ம் டிக்கெட்டு எல்லாம் அதுலயே. எடுக்கறப்போ ரெண்டு விசயம். ஒண்ணு, பேப்பர் இல்லாத டிக்கெட்டை வீட்ல இருந்தே எடுத்துருங்க, ஸ்டேஷனுக்குள்ள பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு எடுக்கப் பாத்தா ஆப் விடாது, செக்கிங் ஆளைப் பாத்ததுக்கப்புறம் டிக்கெட் போடறவங்களைத் தடுக்கறதுக்காக வெச்ச ஏற்பாடு அது. மறந்து உள்ள வந்துட்டீங்கன்னா ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கற க்யூஆர் கோடை ஆப்ல ஸ்கேன் பண்ணி எடுத்துக்கலாம். ரெண்டு, எடுத்து மூணு மணி நேரத்துக்குள்ள, இல்லாட்டி அதுக்கப்புறம் கிளம்பற முதல் வண்டில ஏறிடோணும். சாயங்கால வண்டிக்கு காலைலயே எடுத்து வெச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க. ஸ்க்ரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்துதான் காட்டோணும், அதனால போன்ல சார்ஜ் பாத்துக்கோங்க.

இப்ப நான் மாட்டுன கதை. ஒரு நாள் வெள்ளென அஞ்சு மணிக்கு கோயமுத்தூர் ஜங்ஷன்ல நிக்கறேன், சென்னைல இருந்து வர்ற நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்னுச்சு, அது மேட்டுப்பாளையம்தானே போகுது, நம்ம கைல மேட்டுப்பாளையம் டிக்கெட் இருக்குதேன்னு ஜெனரல் பெட்டில ஏறிட்டேன். வடகோவை தாண்டல, டிடிஇ வந்துட்டாரு. டிக்கெட்டை வாங்கிப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "இது சூப்பர்ஃபாஸ்டுங்க, நீங்க எடுத்திருக்கறது சாதா பாசஞ்சருக்கு"ன்னாரு. ஒரே ஊரு, ஒரே தண்டவாளம், வண்டி வேற. 250 ரூபா ஃபைனும் அது போக வித்தியாசக் காசும் கட்டி, ரசீதை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு காரமடைக்காரன் மேட்டுப்பாளையம் போயி இறங்குனேன், ஏன்னா நீலகிரி எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காதுங்கறதையும் அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். ஆப்ல டிக்கெட் எடுக்கறப்போ வண்டி வகைன்னு ஒரு இடம் இருக்கும், ஆர்டினரி, மெயில் எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட்டுன்னு. மெமுவுக்கு ஆர்டினரி, நீலகிரிக்கு சூப்பர்ஃபாஸ்ட். இந்த ஒரு வரிக்காகத்தான் 250 ரூபா கட்டுனேன், நீங்க ஓசில தெரிஞ்சுக்கோங்க.

டெய்லி போறவங்க சீசன் எடுத்துருங்க, யோசிக்கவே வேண்டாம். தினமும் போக வர டிக்கெட் எடுக்கற காசோட கணக்குப் போட்டுப் பாத்தா மாச சீசனுக்கு பாதி கூட ஆகாது. மூணு மாசத்துக்கு எடுத்தா மூணு மாசக் காசு இல்ல, 2.7 மாசக் காசுதான். போன்ல சீசன் எடுத்தா மறுநாள்ல இருந்துதான் செல்லுபடி ஆகும், அதனால ஞாயித்துக்கிழமை பொழுதோட எடுத்து வெச்சுட்டா திங்கக்கிழமை நிம்மதி. முடியறதுக்கு பத்து நாள் முன்னாடியே புதுப்பிச்சுக்கலாம். அடையாள அட்டை கைல இருக்கோணும். முக்கியமா, சீசனை எந்த ஸ்டேஷனுக்கு எடுக்கறீங்கன்னு நல்லா யோசிச்சு எடுங்க. வடகோவை வரைக்கும் எடுத்துட்டு ஒருநாள் அவசரம்னு ஜங்ஷன் வரைக்கும் போனீங்கன்னா அந்த மிச்ச தூரத்துக்கு நீங்க டிக்கெட் இல்லாத ஆளுதான்.

ஏறுறதும் உக்கார்றதும்

காரமடை ஸ்டேஷன்ல காலைல எட்டரை மணிக்கு வந்து பாருங்க. பிளாட்பாரத்துல கோடு எதுவும் கிழிச்சிருக்காது, ஆனா ஆளுங்க கொத்துக் கொத்தா ஆறேழு எடத்துல மட்டும் நிப்பாங்க, நடுவுல காலியா கிடக்கும். புதுசா வர்றவங்க என்னடா எல்லாம் அங்கங்க கூடி நிக்கறாங்கன்னு காலியான எடத்துல போயி நிப்பாங்க. வண்டி வந்து நின்னதும்தான் தெரியும், கூட்டம் நின்ன எடத்துல எல்லாம் கதவு வந்து நிக்குது, காலியான எடத்துல ஜன்னல் வந்து நிக்குது. அதனால பழைய ஆளு யாரையாச்சும் பாத்து அவங்க பின்னாடி நின்னுக்கோங்க, வெக்கப்படாதீங்க.

மேட்டுப்பாளையத்துல ஏறுனா சீட்டு கிடைக்கும், காரமடைல பாதிக்குப் பாதி, பெரியநாயக்கன்பாளையத்துல சந்தேகம், துடியலூர்ல நின்னுக்கிட்டுத்தான். ஆனா துடியலூர்ல இருந்து வடகோவை எவ்வளவு நேரம், கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஒரு வாட்ஸ்அப் குரூப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துரும். லேடீஸ்க்குன்னு தனியா ஒதுக்குன பகுதி இருக்கும், வெளில எழுதியிருக்கும், ஆம்பளைங்க தெரியாம ஏறிட்டா உள்ள இருக்கற அக்காங்களே இறக்கி விட்ருவாங்க, ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) வர்ற வரைக்கும் எல்லாம் காத்திருக்க மாட்டாங்க.

எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு ஒரு கணக்கு இருக்கு. மலை மேற்கால, அதாவது கோயமுத்தூர் போறப்போ வலது கைப்பக்கம். காலைல வெயிலு கிழக்கால இருந்து அடிக்கும், அதனால காலைல வலது பக்கம் உக்காந்தா வெயிலும் படாது, குருடிமலையும் பாலமலையும் பாத்துக்கிட்டே போலாம். மழை பேஞ்ச மறுநாள் பெரியநாயக்கன்பாளையத்துக்கிட்ட மலை அப்படியே கழுவி வெச்சாப்புல இருக்கும். சாயங்காலம் திரும்பி வர்றப்போ மலைப் பக்கம்தான் பொழுது சாயும், கண்ணைக் கூசும், அப்ப வேணும்னா மாத்தி உக்காந்துக்கோங்க. இதெல்லாம் சீட்டு கிடைச்சாத்தான்.

எங்க பெட்டில ஒரு அம்மா வருவாங்க, காரமடை பக்கத்துத் தோட்டத்துல இருந்து கறிவேப்பிலைக் கட்டு ரெண்டு, ஈரச் சாக்குல சுத்தி. இந்தச் சுத்துவட்டாரத்துல கறிவேப்பிலைதான் பெரிய வெள்ளாமை. அவங்க ஏறுன நாள்ல பெட்டி முழுக்க தாளிச்சாப்புல வாசம், காலைல சாப்பிடாம வந்தவனுக்கு வயிறு கூப்பாடு போடும். எறங்கறப்போ பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு இணுக்கு ஒடிச்சுக் குடுத்துட்டுப் போவாங்க. என் சட்டைப் பாக்கெட்ல கறிவேப்பிலை இருக்கறதைப் பாத்து ஆபீஸ்ல சிரிப்பாங்க.

மாசி மகத்தப்போ காரமடை ரங்கநாதர் தேர் நோம்பி நடக்கும், தேர் ஓடறதும் அதுக்கடுத்து பக்தருங்க தீப்பந்தம் ஏந்தி வர்ற பந்த சேவையுமா ஊரே அடைஞ்சு போயிரும். அந்த ரெண்டு மூணு நாளு ரெகுலரா போறவங்க சித்தே முன்னாடியே ஸ்டேஷனுக்கு வந்துருங்க, சீட்டை மறந்துருங்க. தேருக்கு வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு நான் சொல்றது, காரை எடுத்துட்டு வராதீங்க, மெமுல வாங்க.

எங்க இறங்கறது

காந்திபுரம், டாடாபாத், சாய்பாபா காலனி, சிவானந்தா காலனி பக்கம் வேலைன்னா வடகோவைல இறங்கிருங்க. எங்க தெருத் தம்பிக்கு நான் முதல்ல சொன்னதே இதைத்தான். ஜங்ஷன் வரைக்கும் போயி அங்கிருந்து டவுன் பஸ்ல திரும்ப காந்திபுரம் வர்றது மூக்கைச் சுத்தித் தொடற கதை. கலெக்டர் ஆபீஸ், ரயில் நிலையத்துக்கு எதுத்தாப்புல இருக்கற ஆபீஸுங்க, டவுன்ஹால், உக்கடம்னா ஜங்ஷன். ஜங்ஷன்ல முன்வாசல் ஸ்டேட் பேங்க் ரோட்டுப் பக்கம், பின்வாசல் குட்ஷெட் ரோட்டுப் பக்கம். ராஜ வீதி, டவுன்ஹால் பக்கம் போறவங்களுக்குப் பின்வாசல்ல போனா நடை மிச்சம்.

திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்து வந்து மேட்டுப்பாளையம் லைனுக்கு மாறறவங்களும் வடகோவையைக் கவனிங்க. பீளமேடு வழியா வர்ற லைனும் மேட்டுப்பாளையம் லைனும் சேர்ற எடம் அதுதான். உங்க வண்டி அங்க நிக்கும்னா அங்கயே மாறிக்கலாம். எல்லா வண்டியும் நிக்காது, பாத்துட்டு.

ஊட்டிக்குப் போறவங்களுக்கு

தெக்க இருந்து ஊருக்காரங்க வந்தா முதல்ல கேக்கறது மலை ரயிலுதான், அதனால சுருக்கமா. மலை வண்டி மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு கிளம்பும், மெமு எதையும் நம்பி அதைப் புடிக்க முடியாது. கோயமுத்தூர்ல இருந்து போறவங்களுக்கு அந்த விடியக்காலை நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வழி, சூப்பர்ஃபாஸ்ட் டிக்கெட்டோட. மேட்டுப்பாளையத்துல இறங்கி அக்கட்ட இருக்கற மீட்டர் கேஜ் பிளாட்பாரத்துக்கு நடந்தா போதும். மலை வண்டிக்கு ரிசர்வேஷன் 60 நாளு முன்னாடியே திறக்கும், லீவு நாளுன்னா திறந்த அன்னைக்கே காலியாயிரும்.

46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நடுவுல பல்சக்கரத் தண்டவாளம், அதுல எஞ்சினோட பல்லு மாட்டி ஏறும், செங்குத்தான எடத்துல 12 அடி போனா 1 அடி ஒசரும், அதனால வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர்தான். 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் போட்டது, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. ஐப்பசி கார்த்திகை மழையில மண் சரிஞ்சு ரத்தாகறது சகஜம், அந்த மாசம் குழந்தைங்களுக்கு ஆசை காட்டி வெச்சுட்டு மாட்டிக்காதீங்க. சொந்த வண்டில மலை ஏறறதுக்கு இப்ப இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து கோர்ட் உத்தரவு. ரயில்லயோ கவர்மென்ட் பஸ்லயோ போறவங்களுக்கு அந்தத் தலைவலி இல்ல. டிக்கெட் கிடைக்கலைன்னா மெமுல மேட்டுப்பாளையம் வந்து, ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல பஸ் ஸ்டாண்டு, அங்க ஊட்டி பஸ் ஏறிக்கலாம்.

தூத்துக்குடி, கோவில்பட்டி, விருதுநகர், மதுரை பக்கத்துக்காரங்களுக்கு ஒரு நல்ல சேதி, எங்க தெருத் தம்பி இதைக் கேட்டுத்தான் துள்ளிக் குதிச்சான். 2024 ஜூலைல இருந்து தூத்துக்குடி மேட்டுப்பாளையம் எக்ஸ்பிரஸ் ஓடுது, வாரத்துக்கு ரெண்டு நாளு. அங்கிருந்து வியாழனும் சனியும், இங்கிருந்து வெள்ளியும் ஞாயிறும் ராத்திரி வண்டி. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியா போகும். வெள்ளிக்கிழமை வேலை முடிச்சு ஏறுனா சனிக்கிழமை காலைல ஊருல இருக்கலாம், திரும்பறதுக்கு சனிக்கிழமை ராத்திரியே ஏறோணும்ங்கறதுதான் கொஞ்சம் இடிக்குது.

இனி என்ன வரும்

அம்ரித் பாரத் ஸ்டேஷன் திட்டத்துல வடகோவையும் மேட்டுப்பாளையமும் இருக்கு. வாசல், கூரை, காத்திருக்கற எடம், பார்க்கிங், லிஃப்ட் இந்த மாதிரி வேலைங்கதான் அந்தத் திட்டத்துல பண்றது. நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஸ்டேஷன் பளபளன்னு ஆனா வண்டி எச்சா வந்துராது. எச்சா வரோணும்னா ரெட்டை லைன் வேணும், இல்லாட்டி நடுவுல வண்டி விலகிக்கறதுக்காச்சும் கூடுதல் வசதி வேணும். இங்கத்த பயணிங்க ரொம்ப நாளா கேக்கறதும் அதுதான், ஞாயித்துக்கிழமை எச்சா வண்டி, ராத்திரி கொஞ்சம் லேட்டா ஒரு வண்டி, ரெட்டைப் பாதை.

கோயமுத்தூர் மெட்ரோ வந்தா சரியாயிரும்னு சிலர் சொல்லுவாங்க. அந்தத் திட்டத்துல முதல்ல போட்டிருந்ததே அவினாசி ரோடும் சத்தி ரோடும்தான், மேட்டுப்பாளையம் ரோடு இல்ல. அதையும் 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து சத்தியமங்கலம் வழியா சாம்ராஜ்நகருக்கு ஒரு லைன்னு எங்க தாத்தா காலத்துப் பேச்சு ஒண்ணு இருக்கு, அது புலிகள் காப்பகத்துக்குள்ள போகோணும், பேச்சாவே இருக்கட்டும்னு எனக்கே தோணுது. ஆக, நம்ம காலத்துக்கு இந்த ரோட்டுக்கு இருக்கற ஒரே ரயிலு இந்த மெமுதான். வீடு வாடகைக்குப் பாக்கறவங்க பஸ் ஸ்டாப்பு பக்கமான்னு கேக்கறதோட ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிச நடைன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கடைசியா, வண்டியை விட்டுட்டா என்ன பண்றது

விடுவீங்க, கண்டிப்பா ஒரு நாள் விடுவீங்க. சாயங்கால வண்டி போயிருச்சுன்னா ஜங்ஷன்ல உக்காந்து அடுத்ததுக்குக் காத்திருக்கறதா, பஸ்ஸுக்குப் போறதான்னு உடனே முடிவு பண்ணிருங்க. அடுத்த மெமு ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா உக்காருங்க, அதுக்கு மேலன்னா கிளம்பிருங்க. ஊட்டி, மேட்டுப்பாளையம் பஸ்ஸெல்லாம் சாய்பாபா காலனி பக்கத்துல இருக்கற மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுல இருந்து கிளம்பும், காந்திபுரத்துல போயித் தேடாதீங்க, புதுசா வர்றவங்க எல்லாரும் முதல் தடவை அங்கதான் போயி நிப்பாங்க. ராத்திரி கடைசி மெமு எத்தனை மணிக்குன்னு மட்டும் இன்னைக்கே பாத்து, அரை மணி நேரம் முன்னாடி அடிக்கற மாதிரி போன்ல ஒரு அலாரம் வெச்சுருங்க. எங்க தெருத் தம்பி வெச்சிருக்கான், ஆபீஸ்ல அது அடிச்சதும் மேனேஜரே "ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்பு"ங்கறாராம்.